ராகியைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு

வாங்க கண்ணு, உள்ள வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும், அவ கடிக்க மாட்டா. ஒண்ணே ஒண்ணு, வந்ததும் அவளைப் பார்க்காதீங்க. பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க. சுவத்தைப் பார்த்துட்டு சும்மா நில்லுங்க. அவளே வந்து மோந்து பார்ப்பா. பார்த்துட்டாளா? நாலு காலும் தரையில இருக்குதா? இப்பத் தொடுங்க. தலை மேல வேண்டாம் கண்ணு, மேல இருந்து கை வந்தா பயந்துக்குவா. கீழ, நெஞ்சுல. ஆங், அப்படித்தான்.

உக்காருங்க. காப்பி வெக்கறேன். வேண்டாமா? சரி, தண்ணியாவது குடிங்க. பொள்ளாச்சியில இருந்து வந்திருக்கீங்க, இந்த வெயில்ல.

எங்கூட்டுக்காரர் சங்கத்துக்குப் போயிருக்காரு. மில்லுல ரிட்டயரானவங்க சங்கம். அஞ்சரைக்கெல்லாம் வந்துடுவாரு. நீங்க அஞ்சேகாலுக்குக் கெளம்பிட்டீங்கன்னா நல்லது. ஒண்ணும் சொல்ல மாட்டாருங்க. நாயைக் கொடுத்துடுன்னு சொன்னதே அவருதான். இருந்தாலும் வந்து நிக்கறப்ப வீட்டுல புது ஆள் இருந்தா அவருக்குப் பிடிக்காது. அது ஒரு சுபாவம். மனுசருக்கு மனுசர் சுபாவம் இருக்குமில்லீங்களா.

ராகியைப் பழக்கின ஏஞ்சலின் புள்ளை உங்ககிட்ட என்ன சொல்லுச்சுன்னு தெரியல. "அம்மா, நீங்களே முழுசாச் சொல்லுங்க, ஒண்ணையும் மறைக்காதீங்க, கடிச்சதையும் சொல்லிடுங்க"ன்னு சொல்லியிருக்குது. அதனால சொல்லிடறேன். கேட்டுட்டு வேண்டாம்னா விட்டுட்டுப் போங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்.

ராகி எங்க சுமித்ரா எடுத்து வளர்த்த நாய். சுமித்ரா எங்க பொண்ணு, ஒரே பொண்ணு. கோயமுத்தூர்ல வேலையா இருந்தப்ப ரோட்டோரத்துல கெடந்த குட்டியை எடுத்துட்டுப் போயிருக்கா. ராகி மாவு நெறம், அதான் அந்தப் பேரு. அப்பறம் புனேவுக்கு மாத்திட்டாங்க. "ஒரு மாசம் வெச்சுக்குங்கம்மா, வீடு பார்த்துட்டு வந்து கூட்டிக்கறேன்"ன்னா. தை மாசக் கடைசியில கொண்டாந்து விட்டா. அவரு பார்த்துட்டு, "பொட்ட நாயா?"ன்னு மட்டும் கேட்டாரு. வேற ஒண்ணும் சொல்லல. சொல்லலைன்னா சரின்னுதானே அர்த்தம்? நான் அப்படித்தான் எடுத்துக்குவேன்.

வந்த புதுசுல இவ பண்ணுன அட்டகாசம்! கேட் சத்தம் கேட்டாக் கத்துவா. பால்காரர் மேல ஏறி ரெண்டு காலையும் அவர் நெஞ்சுல வெச்சுட்டா, பால் பூராக் கொட்டிப்போச்சு. சங்கிலியைப் புடிச்சா என்னைய இழுத்துட்டு ஓடுவா. கேஸ் சிலிண்டர் போடற தம்பி ரோட்டுலயே நின்னுட்டு, "அம்மா, நாயைக் கட்டுனாத்தான் வருவேன்"னுடுச்சு.

அவரு ரெண்டு நாள் பார்த்தாரு. மூணாவது நாள் மோட்டாருக்குப் போட்டு மிச்சமிருந்த பிளாஸ்டிக் பைப்புல ஒரு துண்டு அறுத்தாரு. முழங்கை நீளம். கதவு மூலையில வெச்சாரு. அதுல நாலே அடி அடிச்சாரு. அதோட அவரு இருக்கற ரூம்ல இவ கத்தறதில்ல. ஒரு ஓரமா உக்காந்துக்குவா, அசையவே மாட்டா. "பார்த்தியா, ஒரே நாள்ல பழக்கிட்டேன்"ன்னாரு. எனக்கும் பரவால்லையேன்னுதான் தோணுச்சு. மில்லுல முந்நூறு பேரை வேலை வாங்கினவரு. அந்த மெசினு சத்தத்துக்கு மேல கத்திக் கத்தியே தொண்டை அப்படி ஆயிடுச்சு. வீட்டுலயும் அதே தொண்டைதானே வரும்? கோவம் வேற, தொண்டை வேற. அது வெளியாளுங்களுக்குத் தெரியாது.

சுமித்ராதான் ஏஞ்சலினை ஏற்பாடு பண்ணி அனுப்பிச்சா. நாயைப் பழக்கற புள்ளை. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை கோயமுத்தூர்ல இருந்து வரும். ஒல்லியா, பேன்ட் போட்டுட்டு, இடுப்புல ஒரு பையி. நானு என்னமோ ஒரு பெரிய ஆளு குச்சியெல்லாம் வெச்சுட்டு வருவாருன்னு நெனைச்சேன். அது வந்து தரையில சம்மணம் போட்டு உக்காந்துக்கிச்சு. அரை மணி நேரம் ஒண்ணுமே பண்ணல. நாயைப் பார்த்துட்டே இருந்துச்சு.

அப்பறம் கேட்டுச்சு, "அம்மா, இவ அமைதியா இருக்கான்னு நெனைக்கறீங்களா?"

"ஆமா, சத்தமே இல்லையே"ன்னேன்.

"இல்லம்மா. வாயை எப்படி இறுக்கி மூடியிருக்கா பாருங்க. வாலு வயித்துக்குள்ள போயிடுச்சு. கண்ணைத் திருப்பிக்கறா. சும்மா சும்மா கொட்டாவி விடறா பாருங்க, அது தூக்கத்துல வர்றதில்ல, பயத்துல வர்றது. இது அமைதி இல்ல. பயத்துல ஒடுங்கிப்போயிருக்கா."

எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. நாய்க்குக் கொட்டாவியில பயமாம். "நானுந்தான் அவரு சாப்பிட உக்காந்தா கொட்டாவி மேல கொட்டாவியா விடுவேன், கல்யாணமான நாள்ல இருந்து. அதுக்கு ரத்தம் கம்மின்னு டானிக் எழுதிக் கொடுத்தாரு டாக்டரு"ன்னேன். அந்தப் புள்ளை சிரிக்கல. சின்னப் புள்ளை, தமாசு புரியல.

சொல்லிக் கொடுத்தது ரொம்ப சுலபம் கண்ணு, கேட்டுக்குங்க. தப்பு பண்ணினாத் திட்டாதீங்க. நல்லதாப் பண்ணற நேரத்தைப் புடிச்சுக்குங்க. அவ சும்மா படுத்திருப்பா பாருங்க, யாரும் கண்டுக்க மாட்டோம், அதுதான் நேரம். அப்ப ஒரு வார்த்தை சொல்லணும், சொன்ன உடனே ஒரு துண்டு ஈரல். அவிச்சது, கடலைப்பருப்பு அளவுதான். மேல ஏறினாளா, முதுகைக் காட்டித் திரும்பி நின்னுக்குங்க. நாலு காலும் கீழ வந்தா அந்த வார்த்தை, ஒரு துண்டு. அவ்வளவுதான்.

என்ன வார்த்தைன்னு நீங்களே முடிவு பண்ணுங்கன்னுச்சு. ஆனா வீட்டுல சும்மா பேசற வார்த்தையா இருக்கக் கூடாதாம். 'சரி', 'வா', 'இந்தா' எல்லாம் வேண்டாம், நாய் குழம்பிக்கும். நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டு, "அருமை"ன்னு வெச்சேன். அந்த வார்த்தையை இந்த வீட்டுல யாரும் யாருக்கும் சொன்னதில்ல. குழம்பறதுக்கு வழியே இல்ல.

மொதல் வாரம் அந்த வார்த்தை என் வாயிலயே வரல. கூச்சமா இருந்துச்சு. கதவைச் சாத்திட்டு சமையக்கட்டுல மெதுவாச் சொல்லிப் பழகினேன். அருமை. அருமை. அப்பறம் வந்துடுச்சு. நாள் ஒண்ணுக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன்.

ரோட்டுல நடக்கப் பழக்கினது பெரிய கூத்து. அவ இழுத்தா நாம நின்னுடணும், கம்பம் மாதிரி. சங்கிலி தொங்கினாத்தான் நடக்கணும். மொத நாள் எங்க வீதி முக்குக்குப் போறதுக்கு முக்கா மணி நேரம். எதுத்த வீட்டு வேலுமணியக்கா, "என்ன மயிலாத்தா, நீ நாயை மேய்க்கறியா, நாயி உன்னய மேய்க்குதா?"ன்னுச்சு. பதினஞ்சு நாள்ல வாய்க்கால் மேடு வரைக்கும் போக ஆரம்பிச்சோம். விடியால அஞ்சரை மணிக்கு. கண்ணு, சொன்னா நம்ப மாட்டீங்க, இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து முப்பத்தாறு வருசம் ஆச்சு. அந்த வாய்க்காலுக்கு நான் தனியாப் போனதே இல்ல. தண்ணி போறதைப் பார்த்துட்டு நின்னா இவளும் பக்கத்துல உக்காந்து பார்ப்பா. யாரும் எங்க போனே, ஏன் இவ்வளவு நேரம்னு கேக்க முடியாதில்ல? நாயைக் கூட்டிட்டுப் போனேன். அவ்வளவுதான் பதிலு.

இனி அதுக்கு என்ன சொல்லிட்டுப் போறது. விடுங்க. கால் வலியும் இருக்குது.

சித்திரையில எல்லாம் படிஞ்சுபோச்சு. பால்காரர் வந்தா உக்காந்துக்குவா. நாங்க சாப்பிடறப்ப மூலையில விரிச்சிருக்கற சாக்குல போய்ப் படுத்துக்குவா. அந்த சாக்கையும் கொடுத்து விடறேன், மறக்காமக் கேளுங்க. கேஸ் தம்பி, "அம்மா, இது அதே நாயா?"ன்னு கேட்டுச்சு. ஏஞ்சலின் சொல்லுச்சு, "இனி ஒவ்வொரு தடவையும் ஈரல் கொடுக்காதீங்கம்மா. ஒரு தடவை கொடுங்க, ரெண்டு தடவை விடுங்க. எப்பக் கெடைக்கும்னு தெரியலைன்னாத்தான் விடாம எதிர்பார்த்துட்டே இருப்பா"ன்னு. எனக்கு அது பாவமாப் பட்டுச்சு. ஆனா அந்தப் புள்ளை சொன்ன மாதிரியேதான் ஆச்சு.

அவரையும் ஒரு தடவை கூப்பிட்டுச்சு. "ஐயா, நீங்களும் ஒரே ஒரு துண்டு கொடுங்க. உங்க கைன்னா நல்லது வரும்னு அவளுக்குத் தெரியட்டும்"னு. அவரு, "நாய்க்கு லஞ்சம் கொடுத்து வாழற நெலமை எனக்கு வரல"ன்னுட்டு உள்ள போயிட்டாரு. அந்தப் புள்ளை முகமே செத்துப்போச்சு. நான் வெளிய வந்து, "அவரு அப்படித்தான், மனசுல ஒண்ணும் இருக்காது"ன்னு சொல்லி அனுப்பி வெச்சேன்.

மனசுல ஒண்ணும் இருக்காதுங்கறது பொய்யில்ல கண்ணு. நானே பார்த்தேன். வைகாசியில அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்துட்டாரு. நான் மருந்துக் கடைக்குப் போயிட்டு வந்து ஜன்னல் வழியாப் பார்க்கறேன், இவ கட்டிலுக்குப் பக்கத்துல போய் நிக்கறா. எப்படித்தான் தைரியம் வந்துச்சோ. அவரு டீயில தொட்டுத் தின்ன ரஸ்க்குல பாதியை ஒடச்சு கீழ போட்டாரு. இவ அதை எடுத்துத் தின்னுட்டு அங்கயே படுத்துக்கிட்டா. நான் கதவைத் தட்டாம அஞ்சு நிமிசம் வெளியவே நின்னேன். அவருக்கு நான் பார்த்தது தெரியாது.

காய்ச்சல் விட்டதும் பழையபடி ஆயிட்டாரு. ஆனா எனக்கு அது போதுமா இருந்துச்சு. அவரு கத்தறப்பவெல்லாம் அந்த ரஸ்க்கை நெனைச்சுக்குவேன். மாறிடுவாரு, இன்னும் கொஞ்ச நாள் போனா மாறிடுவாருன்னு. அப்படியே ரெண்டு மாசம் ஓடிப்போச்சு.

ஆடி மாசம் பொறந்து ஒரு வாரம் இருக்கும். அவருகூட மில்லுல வேலை பார்த்தவங்க ரெண்டு பேரு கல்யாணப் பத்திரிகை வெக்க வந்தாங்க. இவ அந்த சாக்குல படுத்திருந்தா. அரை மணி நேரம் பேசிட்டிருந்தாங்க, இவ தலையைக்கூடத் தூக்கல. அதுல ஒருத்தரு, "என்ன நாச்சிமுத்து, வீட்டுல நாயி இருக்கறதே தெரியல"ன்னாரு. இவரு, "எல்லாம் நான் பழக்கினது"ன்னாரு. சமையக்கட்டுல நின்னு கேட்டேன். எனக்கு சந்தோசந்தான். யாரு பழக்கினா என்ன? அவரு வாயால அவளை நல்ல நாயின்னு சொன்ன மாதிரிதானே?

அதோட விட்டிருக்கலாம். "இப்பப் பாருங்க"ன்னுட்டு, "ராகி, இங்க வா"ன்னு கூப்பிட்டாரு. அந்தத் தொண்டையில. அவ எந்திரிச்சா. போகணும்னும் தெரியுது, போகவும் முடியல. வயித்தைத் தரையில தேச்சுட்டே போனா. அவரு காலுக்கு முன்னால போயி மல்லாந்து படுத்து ஒண்ணுக்குப் போயிட்டா. வந்தவங்க வேட்டியில பட்டுடுச்சு.

அவங்க ஒண்ணும் கோவிச்சுக்கல. சிரிச்சாங்க. "என்னப்பா, உன்னய பார்த்தா மில்லுலதான் பசங்க ஒண்ணுக்குப் போவானுங்கன்னு நெனைச்சேன், வீட்டுலயுமா"ன்னாரு ஒருத்தரு. அந்தச் சிரிப்புதான் கண்ணு. அவரும் கூடச் சேர்ந்து சிரிச்சாரு. அவரு அப்படிச் சிரிச்சா எனக்குத் தெரியும். நான் காப்பி டம்ளரைக் கழுவி வெச்சேன், துடைச்சு வெச்சேன், மறுபடியும் எடுத்துக் கழுவினேன்.

அவங்க கேட்டைச் சாத்தினதும் பைப்பை எடுத்தாரு. இவ கட்டிலுக்கு அடியில போயிட்டா. குனிஞ்சு கழுத்துப் பட்டையைப் புடிச்சு வெளிய இழுத்தாரு. நான் போய்... நான் ஒண்ணும் பண்ணலீங்க, நடுவுல கையை வெச்சேன், அவ்வளவுதான். பைப்பு எங்கையில பட்டுச்சு. அதே நேரம் இவ அவரு கையைப் புடிச்சுட்டா. ஒரே ஒரு கடி. புடிச்ச உடனே விட்டுட்டா, விட்டுட்டு மறுபடி கட்டிலுக்கு அடியில போயி நடுங்கிட்டே கெடந்தா.

அவருக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா அவரு காயத்தைப் பார்த்துட்டு என் கையைப் பார்த்து, "உங்களுக்கு என்னாச்சு?"ன்னாங்க. பாத்ரூம்ல வழுக்கிடுச்சுன்னேன். அவங்க எழுதறதை நிறுத்திட்டு ஒரு நிமிசம் என்னையே பார்த்தாங்க. அவருதான் பக்கத்துல நின்னுட்டிருந்தாரே, அவரும் ஆமான்னாரு. இந்தா, இதுதான், நீங்க வந்ததுல இருந்து பார்த்துட்டிருக்கீங்களே. வீக்கம் போயிடுச்சு. நெறம் மட்டுந்தான் இன்னும் போகல. சப்பாத்தி உருட்டறப்ப வலிக்கும், மத்தபடி ஒண்ணுமில்ல.

ஏஞ்சலின் வந்து கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து அழுதுடுச்சு. "கடிக்கறதுக்கு முன்னாடி உறுமினாளாம்மா?"ன்னு கேட்டுச்சு. இல்லையேன்னேன். ஆரம்பத்துல உறுமிட்டிருந்தா, அதுக்கு அவரு அடிச்சாரு, அதோட நிறுத்திட்டான்னேன். "உறுமறது நாய் பேசற பேச்சும்மா. என்னை விட்டுடுன்னு கேக்கறது. அதை அடிச்சு நிறுத்தினா பேச்சுத்தான் நிக்கும், பயம் அப்படியே உள்ள இருக்கும். அப்பறம் அவளுக்கு வேற என்னதான் வழி?"ன்னுச்சு. அடக்க ஒடுக்கமா இருக்கறது நல்லதுன்னுதான் நான் நெனைச்சுட்டிருந்தேன். இதை மட்டும் மறந்துடாதீங்க கண்ணு. உறுமினா உறுமட்டும், திட்டாதீங்க. கொஞ்சம் தள்ளிப் போயிடுங்க.

அவரு தீர்மானமாச் சொல்லிட்டாரு. ஒண்ணு யாருக்காச்சும் கொடு, இல்லைன்னா ஞாயித்துக்கெழமை வண்டியில போட்டு மலை ரோட்டுல விட்டுட்டு வந்துடுவேன்னாரு. சொன்னா செய்வாரு. சுமித்ராவுக்குப் போன் பண்ணினேன். அவ அங்க இருக்கற வீட்டுல நாய் வெச்சுக்க விடமாட்டாங்க, வேற வீடு பார்க்கறேன்னுதான் இத்தனை மாசமாச் சொல்லிட்டிருக்கா. அழுதா. அப்பறம், "சரிம்மா, ராகிக்கு ஏஞ்சலின் ஒரு வீடு பார்த்துடுவா. உங்களுக்கு என்ன பண்றது?"ன்னா.

"எனக்கு என்ன பண்ணணும்? நான் நல்லாத்தானே இருக்கேன்"ன்னேன்.

லைன் கட்டாயிடுச்சுன்னு நெனைச்சு நான் வெச்சுட்டேன். வேலைக்குப் போற புள்ளைக்கு ஆயிரம் டென்சன், அதுக்கு நடுவுல என்னத்தையாவது சொல்லுது.

மணி என்ன கண்ணு? அஞ்சா? சரி, கெளம்பலாம்.

இல்ல இல்ல, நீங்க இழுக்காதீங்க. நான் காருல ஏத்தறேன். ராகி, வா. ஏறு. ஏறிட்டா பாருங்க. சாக்கை அந்தப் பக்கம் போடுங்க. ராகி, இரும்மா. அருமை. இந்தாங்க ஈரல், இந்த டப்பாவுல இருக்குது, நாளைக்கு வரைக்கும் கெடாது.

போட்டோ எல்லாம் அனுப்ப வேண்டாம் கண்ணு. போனை அவரும் பார்ப்பாரு. கூட்டிட்டு வந்து காட்டவும் வேண்டாம். வந்துட்டுப் போனா மறுபடியும் எதிர்பார்க்க ஆரம்பிச்சுடுவா. மொதல்ல ரெண்டு மூணு நாள் சரியாத் திங்க மாட்டா. விட்டுடுங்க, பக்கத்துல போயி சும்மா உக்காந்திருங்க.

என்ன சொன்னீங்க? நானா? உங்க கூடவா? நல்லாச் சொன்னீங்க போங்க. இட்லிக்கு அரிசி ஊறப்போட்டிருக்கேன். அவருக்குப் பொழுதோட மாத்திரை கொடுக்கணும். எது எந்த டப்பாவுல இருக்குதுன்னுகூடத் தெரியாது அவருக்கு. சின்ன வயசு உங்களுக்கு, டக்குன்னு கேட்டுட்டீங்க. கேட்டீங்களே, அதுவே போதும்.

அவ இறங்க மாட்டா. பயப்படாதீங்க. இரும்மான்னு நான் சொல்லிட்டேன். 'போதும், வா'ன்னு சொல்ற வரைக்கும் அசையாம அங்கயே உக்காந்திருப்பா. அப்படித்தான் பழக்கியிருக்கேன். நான் இப்ப அதைச் சொல்லக் கூடாது. சொன்னாக் குதிச்சு எங்கிட்ட வந்துடுவா. உங்க வீட்டு வாசல்ல காரை நிறுத்திட்டு, கதவைத் திறந்து நீங்க சொல்லுங்க. மறக்காமச் சொல்லுங்க கண்ணு. யாரும் சொல்லலைன்னா அவளுக்குத் தானா எந்திரிச்சு வரத் தெரியாது.

என்னையேதான் பார்த்துட்டிருக்கா.

போங்க. அவரு வர்ற நேரமாச்சு. நான் உள்ள போறேன்.